மொய் நோட்டும் பங்குக் கணக்கும்

"நம்ம மொய் நோட்டப் பாத்தேன் ஆத்தா. வெளியில ஆறு லட்சத்துக்கு மேல நிக்கிது. ஆடியில ஒரு விருந்து வச்சிருவமா?"

2022 மே மாதத்தில் ஒரு ராத்திரி அப்பா போனில் இப்படிக் கேட்டார். நான் தரமணியில் ஒரு டீக்கடை வாசலில் நின்றிருந்தேன். அன்று காலைதான் ஒரு முதலீட்டாளர் எங்கள் பிட்ச் டெக்கை முழுசாகப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு, சீக்கிரம் சொல்றோம்" என்று அனுப்பிவைத்திருந்தார். அந்த வாக்கியத்துக்கு 'இல்லை' என்று அர்த்தம் என்பது புரிய எனக்கு இன்னும் நாலு மாதம் ஆனது.

"அப்பா, இது ஸ்டார்ட்அப். மொய் வச்செல்லாம் நடத்த முடியாது" என்றேன்.

"காசுல என்னத்தா மொய்க்காசு, கம்பெனிக்காசு?" என்றார்.

இந்தப் பதிவு அந்தக் கேள்விக்கான பதில். எழுதத் தயாராக எனக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

எங்கள் ஊர் சீட் ஃபண்டிங்

வெளியூர்க்காரர்களுக்கு முதலில் மொய் விருந்து என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாமலே, ஆனி, ஆடி மாதங்களில் விருந்து வைப்பார்கள். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தலில் வைப்பதும் உண்டு. கறிச்சோற்றுச் செலவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒவ்வொருவருக்கும் தனி மேசை, தனி நோட்டு, பணம் போட ஒரு பாத்திரம். நீங்கள் முன்பு ஊராருக்குச் செய்த மொய் இப்போது திரும்பி வரும். அது பழைய நடை. அதற்கு மேல் அவர்கள் சேர்த்து வைப்பது புது நடை. அடுத்து அவர்கள் வீட்டில் விருந்து என்றால் அந்தப் புது நடையை நீங்கள் திருப்பவேண்டும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. நோட்டில் பெயர், ஊர், தொகை, அவ்வளவுதான். இந்தப் பணத்தில் போர்வெல் போட்டவர்கள், தோப்பு வாங்கியவர்கள், பிள்ளையை சிங்கப்பூருக்கு அனுப்பியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

எங்கள் கம்பெனி கொப்பரையின் ஈரப்பதத்தை அளக்கும் ஒரு சின்னக் கருவியைச் செய்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் எங்கள் பக்கத்துத் தோப்புகளைப் படுக்கவைத்தது. மிஞ்சிய மரத்துக் காயைக் கொப்பரையாக்கி அப்பா கொண்டுபோனபோது, வியாபாரி ஒரு துண்டை ஒடித்துப் பார்த்து "ஈரம் இருக்கு" என்று எடையில் கழித்தார். அரசு கொள்முதலில் அரவைக் கொப்பரைக்கு 6 சதவீத ஈரப்பதம்தான் வரம்பு. ஆனால் 6 சதவீதமா, 9 சதவீதமா என்பதை அன்று சொன்னது அந்த வியாபாரியின் விரல். அதற்கு ஒரு மீட்டர் செய்தால் என்ன? காலேஜில் உடன் படித்த கூட்டாளியும் நானும் 2021 அக்டோபரில் பிரைவேட் லிமிடெட் பதிவு செய்தோம். ஆளுக்கு 50,000 ரூபாய், ஆளுக்குப் பாதிப் பங்கு.

வேலையை விட்ட முதல் ஆறு மாதம் சேமிப்பில் ஓடியது. பிறகுதான் அப்பாவின் போன்.

மொய் என்ன கடனா?

கடைசியில் விருந்து வைத்தோம். ஆடி மாதம், நாலு குடும்பம் சேர்ந்து. எங்கள் பாத்திரத்தில் 7 லட்சத்து 40 ஆயிரம் விழுந்தது. அதில் பழைய நடை 5 லட்சத்து 90 ஆயிரம், மீதி புது நடை. நோட்டு எழுத உட்கார்ந்த சித்தப்பாவிடம் ஒருவர், "பாப்பா என்ன கம்பெனி வச்சிருக்கு?" என்று கேட்க, அவர் நிமிராமலே "தேங்கா டெஸ்ட்டு" என்றார். இரண்டே வார்த்தையில் எங்கள் தொழிலைச் சொன்ன ஆள் அவர்தான். எனக்குப் பன்னிரண்டு ஸ்லைடு தேவைப்பட்டது.

பணத்தைக் கம்பெனிக் கணக்கில் போடலாம் என்று ஆடிட்டரிடம் போனால், அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

"அம்மா, பிரைவேட் கம்பெனி கண்டவர்கிட்ட பணம் வாங்கக் கூடாது. வாங்கினா அது டெபாசிட். டைரக்டரோட அப்பா கொடுக்கலாம், அதுக்கு விலக்கு இருக்கு. ஆனா இது நான் கடன் வாங்கிக் கொடுக்கிற பணம் இல்லைன்னு அவர் எழுதிக் கையெழுத்துப் போடணும். இப்ப சொல்லுங்க, மொய் கடனா, இல்லையா?"

அறையில் யாருக்கும் பதில் தெரியவில்லை. அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "பழைய நடை எங்காசு. புது நடை ஊர்க்காசு" என்றார். ஆடிட்டர் அவரையே ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இவரை ஏன் நீங்க கம்பெனில சேத்துக்கல?" என்று கேட்டார். பழைய நடையில் 5 லட்சம் மட்டும் அப்பாவின் கடனாகக் கம்பெனிக்குள் வந்தது, உறுதிமொழிக் கடிதத்தோடு. புது நடையை அப்பா வங்கியில் போட்டுவைத்தார், திருப்புவதற்கு.

நீங்கள் வீட்டுப்பணத்தில் தொடங்குபவர் என்றால் இந்த ஒரு தாளை மறக்காதீர்கள். மாமா கொடுத்தது, சித்தி கொடுத்தது, நண்பன் ஜிபேயில் போட்டது எல்லாம் கம்பெனிக் கணக்கில் பெயரில்லாமல் கிடந்தால், பின்னால் வரும் முதலீட்டாளரின் வக்கீல் ஒவ்வொன்றையும் நோண்டுவார். கடனா, பங்கா, எந்தத் தேதி, யார் கையெழுத்து என்று வந்த அன்றே எழுதிவிடுங்கள். மொய் நோட்டு எழுதுகிற மாதிரி.

அரசாங்கக் காசு

அதே வருடம் ஸ்டார்ட்அப் இந்தியா சீட் ஃபண்டுக்கு விண்ணப்பித்தோம். 2021 ஏப்ரலில் 945 கோடி ரூபாயுடன் தொடங்கிய திட்டம் இது. பணம் டெல்லியிலிருந்து நேராக நமக்கு வராது. தேர்ந்தெடுத்த இன்குபேட்டர்கள் வழியாகத்தான் வரும். அப்போதைய விதிப்படி, மாதிரிக் கருவி செய்யவும் சோதித்துப் பார்க்கவும் 20 லட்சம் வரை மானியம்; சந்தைக்குக் கொண்டுபோக 50 லட்சம் வரை கடனாகவோ, பங்காக மாறக்கூடிய கடன்பத்திரமாகவோ. விண்ணப்பிக்கும்போது கம்பெனிக்கு இரண்டு வயது தாண்டியிருக்கக் கூடாது. மத்திய அரசின் டிபிஐஐடி துறை அங்கீகாரம் வேண்டும். வேறு அரசுத் திட்டத்தில் ஏற்கெனவே 10 லட்சத்துக்கு மேல் பணமாக வாங்கியிருந்தால் கிடைக்காது. ஒரே நேரத்தில் மூன்று இன்குபேட்டர்களை விருப்ப வரிசையில் போடலாம்.

எங்களுக்கு மானியமாக 15 லட்சம் கிடைத்தது. மைல்கல்லுக்கு ஒரு தவணை. முதல் தவணைக்கும் இரண்டாம் தவணைக்கும் நடுவில் அறிக்கை, பில், போட்டோ, திரும்ப அறிக்கை. பொறுமை போய்விடும். ஆனால் அந்த 15 லட்சத்துக்கு நாங்கள் கொடுத்த பங்கு பூஜ்யம். வெளியில் காசுக்கு எத்தனை சதவீதம் கேட்டார்கள் என்பதைப் பின்னால் சொல்கிறேன், அப்போது அந்த அறிக்கைகள் இனிக்கும். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் மாநில அரசின் டான்சிம் நடத்தும் டான்சீட் திட்டத்தையும் பாருங்கள். 10 லட்சம் தருகிறார்கள். பெண்கள் தலைமையிலானவை, பசுமைத் தொழில்நுட்பம், கிராமப்புறம் சார்ந்தவை என்றால் 15 லட்சம். இது முழு இனாம் கிடையாது, சிறு பங்கு உண்டு. விதிகளைப் படித்துவிட்டுப் போங்கள்.

போனில் இரண்டு கோடி

இனி வருவது நான் சறுக்கிய கதை. 2023 தொடக்கத்தில் ஒரு முதலீட்டாளர் குழு எங்களைக் கூப்பிட்டது. நல்ல ஆபீஸ், நல்ல ஃபில்டர் காபி. "கல்யாணம் ஆனா கம்பெனி என்ன ஆகும்?" என்று ஒருவர் என்னிடம் மட்டும் கேட்டார், கூட்டாளியிடம் கேட்கவில்லை. அதை அப்போது விழுங்கிக்கொண்டேன். நாலாவது சந்திப்புக்குப் பிறகு போன் வந்தது: "ரெண்டு கோடி வேல்யூவேஷன், 50 லட்சம் போடறோம்."

எங்கள் மனக்கணக்கு: கம்பெனி 2 கோடி, புதுசாக வருவது 50 லட்சம், மொத்தம் 2.5 கோடி. அவர்களுக்கு 20 சதவீதம். சரி.

முதலீட்டு நிபந்தனைகளை எழுதிய டெர்ம் ஷீட் வந்தது. அதில் 2 கோடி என்பது அவர்கள் பணத்தையும் சேர்த்த மதிப்பு. அதாவது 50 லட்சத்துக்கு 25 சதவீதம். அதோடு ஊழியர்களுக்கு ஒதுக்கும் பங்கு, அதாவது ஈசாப், 10 சதவீதம், அதுவும் எங்கள் பக்கத்திலிருந்து மட்டும் எடுக்கவேண்டும். மீதி 65 சதவீதம், ஆளுக்கு 32.5. 2 கோடியில் 65 சதவீதம் என்றால் 1 கோடி 30 லட்சம். போனில் 2 கோடியாக இருந்த எங்கள் உழைப்பு, தாளில் 1.3 கோடி ஆகிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. பணம் வருவதற்கு முன் மதிப்பா, வந்த பின் மதிப்பா என்று நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. தயவுசெய்து இந்தக் கேள்வியை முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள். ஈசாப் யார் பங்கிலிருந்து என்பது இரண்டாவது கேள்வி.

சதவீதத்துக்குப் பின்னால் இன்னும் மூன்று ஷரத்து இருந்தது.

கம்பெனி விற்கப்பட்டால் போட்ட பணத்தைப் போல் இரண்டு மடங்கு அவர்கள் முதலில் எடுத்துக்கொள்வார்கள். 1 கோடிக்கு விற்றால்? 50 லட்சத்துக்கு இரு மடங்கு 1 கோடி. நாங்கள் இருவரும் வெறுங்கையோடு பஸ் ஏறவேண்டும். ஒரு மடங்கு என்பதுதான் வழக்கம், அதைக் கேட்பதில் தப்பே இல்லை.

அடுத்தது, அடுத்த சுற்றில் பங்கு விலை இறங்கினால் அவர்கள் விலையும் அந்த இறங்கிய விலைக்கே மாறிவிடும். 100 ரூபாய்க்கு வாங்கிய பங்கு. நாளைக்கு வேறொருவருக்கு 50 ரூபாய்க்குக் கொடுத்தால், இவர்கள் பங்கு எண்ணிக்கை அப்படியே இரட்டிப்பு. அந்த இழப்பு முழுதும் எங்கள் தலையில். இதிலேயே சராசரிக் கணக்கில் கொஞ்சமாகச் சரிக்கட்டும் மென்மையான முறை ஒன்று உண்டு. அதைக் கேட்க வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, ஒரு லட்சத்துக்கு மேல் எந்தச் செலவுக்கும் அவர்கள் எழுத்துபூர்வமாகச் சம்மதிக்கவேண்டும். சர்க்யூட் போர்டு ஒரு லாட் ஆர்டர் கொடுத்தாலே ஒன்றேகால் லட்சம்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்றைச் செய்தோம். டெர்ம் ஷீட் பொதுவாக யாரையும் கட்டுப்படுத்தாது என்று எங்கோ படித்திருந்தேன். அது பாதி உண்மை. வேறு யாரிடமும் பேசமாட்டோம் என்ற ஷரத்தும் ரகசியம் காக்கும் ஷரத்தும் கட்டுப்படுத்தும். வக்கீலைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகுதான் வக்கீலிடம் போனோம். அவர் படித்து முடித்து, "கையெழுத்துக்கு முன்னாடி வந்திருந்தா அரை மணி நேர வேலைம்மா" என்றார். ஷரத்துகளை மாற்றக் கேட்டோம், அவர்கள் மாட்டேன் என்றார்கள், நாங்கள் விலகினோம். ஆனாலும் 60 நாள் வேறு யாரிடமும் வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தோம். அந்த இரண்டு மாதம் எங்கள் இருவருக்கும் சம்பளம் இல்லை. கூட்டாளி தன் பைக்கை விற்றான்.

காங்கேயத்தில் கிடைத்த பதில்

பேசத்தான் தடை, விற்கத் தடையில்லை. கருவியைத் தூக்கிக்கொண்டு காங்கேயம் போனோம். கொப்பரைக் களங்களும் எண்ணெய் ஆலைகளும் நிறைந்த ஊர். களம் களமாக ஏறி, அவர்கள் ஒடித்துப் பார்த்துச் சொன்ன ஈரத்தையும் எங்கள் கருவி காட்டிய எண்ணையும் ஒரே நோட்டில் எழுதினோம். மூன்றாவது நாள் ஒரு ஆலைக்காரர், "வெலை என்னங்க?" என்றார். 18,000 என்றோம். "அஞ்சாயிரம் அட்வான்ஸ் வச்சுக்கங்க, மூணு மாசத்துல குடுங்க" என்றார். நான் பார்த்த எந்த முதலீட்டாளரும் மூன்றே நாளில் பணம் எடுத்து வைத்ததில்லை.

ஐந்து வாரத்தில் 40 பேர் அட்வான்ஸ் கொடுத்தார்கள். 2 லட்சம் ரூபாய். தொகை சின்னது, ஆனால் எங்கள் நிலைமையை மாற்றியது அதுதான். ஆடிட்டர் மட்டும் வழக்கம்போல, "365 நாளுக்குள்ள சரக்கைக் கொடுத்துக் கணக்கை முடிக்கணும், இல்லேன்னா அட்வான்ஸும் டெபாசிட் ஆயிடும்" என்று பயமுறுத்தினார். நாங்கள் 110 நாளில் கொடுத்து முடித்தோம்.

இதற்கு அப்புறம் முதலீட்டாளர்களிடம் போனபோது உரையாடலே வேறு மாதிரி இருந்தது. முன்பு சந்தை எவ்வளவு பெரியது என்று கேட்டவர்கள், இப்போது "அந்த 40 பேர்ல ரெண்டு பேர் நம்பர் குடுங்க" என்றார்கள். கூப்பிட்டுப் பேசினார்கள். அதோடு கேள்விகள் முடிந்தன. இதில் புதுமை எதுவும் இல்லை. சென்னையில் 2010இல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2011 கடைசியில் ஆக்செல் என்ற முதலீட்டு நிறுவனத்திடம் 10 லட்சம் டாலர் வாங்கியபோது, காசு கொடுக்கும் வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே கையில் இருந்தார்கள். 2021இல் அது நாஸ்டாக்கில் பட்டியலானது ஊருக்கே தெரியும். ஸோஹோ இன்னும் ஒரு படி மேலே: வெளி முதலீடே வாங்காமல், வாடிக்கையாளர் காசிலேயே வளர்ந்தது.

அதற்காக முதலீடே வாங்காதீர்கள் என்று சொல்லவரவில்லை. எல்லாத் தொழிலும் வாடிக்கையாளர் காசில் ஓடாது. ஐஐடி மெட்ராஸில் படித்த இருவர் தொடங்கிய ஏத்தர் செய்வது மின்சார ஸ்கூட்டர்; அது ரோட்டுக்கு வர வருடங்கள் ஆகும் தொழில். 2014இல் ஃப்ளிப்கார்ட் நிறுவனர்கள் இருவரும் போட்ட 10 லட்சம் டாலர் மாதிரியான பணம் இல்லாமல் அது நகர்ந்திருக்காது. உங்கள் தொழில் எந்தப் பக்கம் என்பதை நீங்கள்தான் நேர்மையாகக் கேட்டுக்கொள்ளவேண்டும். எங்களுடையது நடுவில்: கருவியை விற்றுச் சம்பளம் கொடுக்கலாம், அச்சு வார்க்கவும் ஆள் எடுக்கவும் முதலீடு வேண்டும்.

பணம் வந்த பிறகும் பணம் இல்லை

2023 டிசம்பரில் ஆறு பேர் சேர்ந்து 60 லட்சம் போட்டார்கள். பணம் வருவதற்கு முந்தைய மதிப்பு 3 கோடி. 3.6 கோடியில் 60 லட்சம், 16.67 சதவீதம். அந்த ஆறு பேரில் ஒருவர் காங்கேயத்தில் முதல் அட்வான்ஸ் கொடுத்த ஆலைக்காரர். சாதாரணப் பங்காகக் கட்டாயம் மாறும் முன்னுரிமைப் பங்குகளாகக் கொடுத்தோம். விற்றால் ஒரு மடங்கு முன்னுரிமை, விலை இறங்கினால் சராசரிக் கணக்கு. வக்கீல் ஃபீஸ் 40,000. வாழ்க்கையில் நான் மனதாரக் கொடுத்த பில் அது.

நடைமுறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், யாரும் சொல்லித்தராத பகுதி இது. பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். பங்கு வழங்கப்போவதை ஆளாளுக்குப் பெயரிட்டு பாஸ்-4 கடிதமாகக் கொடுக்கவேண்டும். ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் இப்படிக் கேட்கக் கூடாது. பணம் தனி வங்கிக் கணக்கில்தான் வரவேண்டும். வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்கவேண்டும், ஒதுக்கிய 15 நாளுக்குள் பாஸ்-3 தாக்கல் செய்யவேண்டும். அதைத் தாக்கல் செய்யும்வரை அந்தப் பணத்தில் ஒரு ரூபாயைத் தொடக் கூடாது. அச்சுக்காரருக்கு நான் 3 லட்சம் அனுப்பப் போனேன். ஆடிட்டர் ஆபீஸ் பையன் போனில் கத்தியதால் தப்பினேன். கணக்கில் 60 லட்சத்தை வைத்துக்கொண்டு, ஆபீஸ் வாடகைக்கு அம்மாவிடம் கடன் வாங்கிய பெருமை எனக்கு உண்டு.

அப்போது ஏஞ்சல் வரி வேறு இருந்தது. 2012இல் வந்த அந்த விதிப்படி, நியாய மதிப்புக்கு மேல் வாங்கிய பங்குப் பணத்தை வருமானமாகப் பார்ப்பார்கள். டிபிஐஐடி அங்கீகாரம் இருந்ததால் படிவம் 2 கொடுத்து விலக்குப் பெற்றோம். 2024 ஜூலை பட்ஜெட்டில் அதை நீக்கிவிட்டார்கள், 2025-26 மதிப்பீட்டு ஆண்டு முதல் அந்தத் தொல்லை இல்லை. இப்போது தொடங்குகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

அப்பாவுக்குப் பதில்

மொய்க்காசுக்கும் கம்பெனிக்காசுக்கும் என்ன வித்தியாசம் என்று அப்பா கேட்டாரே, இப்போது சொல்லத் தெரிகிறது. மொய்க்காசைத் திருப்பலாம். திருப்பினால் நோட்டில் ஒரு கோடு போட்டு அடித்துவிடுவார்கள், கணக்கு முடிந்தது. பங்குக்காசைத் திருப்ப முடியாது. நாங்கள் நன்றாகச் சம்பாதித்தாலும் அந்த 16.67 சதவீதம் அங்கேயேதான் இருக்கும். அது தப்பே இல்லை; அவர்கள் ரிஸ்க் எடுத்தார்கள், கம்பெனி மூழ்கியிருந்தால் ஒரு ரூபாய் கேட்டிருக்க மாட்டார்கள். மொய் அப்படி இல்லை. கொப்பரை மீட்டர் தோற்றாலும் புது நடை புது நடைதான்.

அதனால் என்னிடம் கேட்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். முதலில் வீட்டுக்காசு, தாங்குகிற அளவுக்கு மட்டும், தாளோடு. அடுத்து மானியம். அதற்கடுத்து வாடிக்கையாளரின் அட்வான்ஸ், ஐந்தாயிரமாக இருந்தாலும். பங்கு கடைசியில். அந்த வரிசையில் ஒவ்வொரு படி ஏறும்போதும் உங்கள் கம்பெனியின் விலை ஏறுகிறது. எங்களுக்கு எட்டு மாதத்தில் 1.3 கோடி 3 கோடியானது அந்த 40 பேரால்தான். இன்னொன்று, டெர்ம் ஷீட்டில் பேனா வைப்பதற்கு முன் வக்கீல். பின்னால் இல்லை, முன்னால்.

இந்த ஆடியில் வடகாட்டில் ஒரு விருந்து. அதை வைப்பவர் 2022இல் எங்கள் பாத்திரத்தில் வைத்த புது நடை 5,000. அப்பாவுக்கு மூட்டுவலி, அதனால் நான்தான் போகிறேன். அந்த ஐந்தோடு ஒரு 2,000 சேர்த்து வைக்கச் சொல்லியிருக்கிறார். அந்த ரெண்டாயிரத்தை எங்கள் நோட்டில் என் பேரில் எழுதிக்கொள்வாராம்.